ரிஸ்பெக் கேட்ட பாட்டு

பள்ளிக்கூடத்தில் இனி யாரும் பாடக் கூடாது என்ற உத்தரவு செப்டம்பர் முதல் வாரத்தில் வந்தது. தலைமையாசிரியர் எசென்குல் அதை ஆசிரியர் அறையில் நின்றபடி முகக்கவசத்துக்குள்ளிருந்து வாசித்தார். முதல் வகுப்புக் குழந்தைகள் மட்டும் பள்ளிக்கு வரலாம். மற்ற வகுப்புகளுக்குப் பாடம் தொலைக்காட்சியிலும் போனிலும். சேர்ந்து பாடும் குழுக்கள் மறு அறிவிப்பு வரும்வரை எங்கேயும் கூடக் கூடாது. வாசித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முகக்கவசம் போட ஆரம்பித்ததிலிருந்து அவர் கண்ணாடியில் எந்நேரமும் ஆவி படிந்திருந்தது.

"துர்சுனாய்க்கு இனி யோகம்தான். வீட்ல உக்காந்தே சம்பளம்," என்றார் கணக்கு வாத்தியார். இரண்டு பேர் சிரித்தார்கள். இசை ஆசிரியை துர்சுனாயும் சிரித்து வைத்தாள்.

உத்தரவை அவள் மனதுக்குள்கூடக் குறை சொல்லவில்லை. ஜூலை மாதத்தில் அந்த ஊரில் வீட்டுக்கு ஒருவராவது படுத்துக் கிடந்தார்கள். தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து டோலோன் கணவாயைத் தாண்டி மருந்து வருவதற்குள் பலர் போய்விட்டார்கள். ஆஸ்பத்திரியில் இடமில்லாமல் பள்ளியின் விழாக் கூடத்தில் கட்டில் போட்டார்கள். அவள் பிள்ளைகளை நிறுத்திப் பாடச் சொல்லித் தந்த அதே மேடையில் ஆட்கள் குப்புறப் படுத்து மூச்சுக்குத் தவித்தார்கள். பியானோவின் மேல் குளுக்கோஸ் பாட்டில்களை வரிசையாக வைத்திருந்தார்கள். அவள் கணவன் காசிபெக்கின் அண்ணன் அந்தக் கூடத்தில்தான், ஜன்னலோரக் கட்டிலில், உயிரை விட்டார். கட்டில்களை எடுத்த பிறகு குளோரின் தெளித்துக் கூடத்தைக் கழுவினார்கள். பியானோவின் மெருகு பட்டை பட்டையாக உரிந்துவிட்டது. சில கட்டைகள் அழுத்தினால் அழுந்தியபடியே கிடந்தன.

ஆகவே அவள் போனில் பாடம் நடத்தினாள். சமையலறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மூன்று தந்தி கொண்ட தன் கோமூஸ் வாத்தியத்தை மடியில் வைத்து, ஒரு வரியைப் பாடி வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். பிள்ளைகள் அதைத் திருப்பிப் பாடி அனுப்ப வேண்டும். மாட்டுக் கொட்டகையிலிருந்து ஒன்று வரும், நின்றுபோன காருக்குள்ளிருந்து ஒன்று வரும். வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது பாடக் கூச்சப்பட்டு எங்கெங்கோ ஒளிந்துகொண்டு பாடினார்கள். பின்னால் தொலைக்காட்சி ஓடும், தம்பி அழுவான், யாரோ "நிறுத்துடி அந்தக் கத்தலை" என்பார்கள். துர்சுனாய் ஒவ்வொன்றையும் கேட்டு, "இரண்டாவது வரியில் அவசரப்படுகிறாய்" என்று எழுதி அனுப்புவாள். எழுதும்போதே, எதிரில் நின்றிருந்தால் கையை ஒருமுறை அசைத்தாலே போதுமே என்று தோன்றும்.

மிர்லான் என்று எட்டாம் வகுப்பில் ஒரு பையன். ஊரில் எந்தக் கூட்டத்திலும் முதல் வரிசையில் நின்று உச்சக் குரலில் பாடியவன். வசந்தத்தில் பள்ளியை மூடியபோது அவனுக்கு அந்தக் குரல் இருந்தது. கோடையில் உடைந்துவிட்டது. அப்படி உடையும்போது பக்கத்திலிருந்து, பயப்படாதே, கீழே இறங்கிப் பாடு, இந்தச் சுருதியில் பாடு என்று சொல்ல ஆள் வேண்டும். அவனுக்கு யாரும் இல்லை. செப்டம்பரில் ஒரே ஒரு பதிவு அனுப்பினான். பாதியில் குரல் சேவல் கூவுவதுபோல் பிளந்து நின்றுவிட்டது. பின்னால் அவன் அண்ணன்கள் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. அதற்குப் பிறகு அவன் அனுப்பவே இல்லை.

பெர்மெத் மட்டும் ஒருநாளும் தவறவில்லை. ஒன்பதாம் வகுப்பு. பள்ளி பாய்லர்க்காரர் ரிஸ்பெக்கின் மகள். வீட்டில் இருந்தது அவர் போன் ஒன்றுதான். அது வேலை நேரம் முழுக்க அவரிடம் இருக்கும். அதனால் அவள் மத்தியானம் பாய்லர் அறைக்குப் போய், நிலக்கரிக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று பாடி அனுப்புவாள். அவள் பாடி முடித்ததும், டீச்சரை அக்கா என்ற பொருளில் எஜே என்றழைக்கும் ரிஸ்பெக்கின் குரல் கேட்கும்: "எஜே, இது மூணாவது தடவை. முதல் ரெண்டும் இதைவிட நல்லா இருந்துச்சு. பொண்ணு ஒத்துக்க மாட்டேங்குது." அவர் இருமிக்கொண்டேதான் பேசுவார். நிலக்கரித் தூசு அவர் நெஞ்சில் எப்போதோ குடியேறிவிட்டது.

அக்டோபர் கடைசியில் மாவட்டத்திலிருந்து ஒரு போட்டி அறிவிப்பு வந்தது. பள்ளிகளின் சேர்ந்திசைப் போட்டி, இந்த ஆண்டு இணையத்தில். ஒவ்வொரு பிள்ளையும் அவரவர் வீட்டிலிருந்தே பாடிப் படம் பிடித்து அனுப்ப வேண்டும்; பள்ளி அதை எல்லாம் கட்டம் கட்டமாக ஒட்டி ஒரே பாட்டாக்கித் தர வேண்டும். கட்டுப்பாடுகளைக் கடைப்பிடித்தும் கலை வாழ்கிறது என்று காட்டுவதற்காம்.

குதிரை மந்தையோடு கணவாயைத் தாண்டுகிறவர்களைப் பற்றிய பழைய பாட்டு ஒன்றைத் துர்சுனாய் எடுத்தாள். மூன்று குரல் பாட்டு. கோமூஸில் வாசித்து அனுப்பினாள். காதில் மாட்டிக் கேட்டபடியே பாடுங்கள் என்றாள். பாதிப் பேரிடம் காதில் மாட்ட ஒன்றும் இல்லை. வந்ததை எல்லாம் கணினி ஆசிரியர் ஒட்டிக் காட்டியபோது துர்சுனாய் காதைப் பொத்திக்கொண்டாள். எல்லோரும் மரியாதையாக அகாய் என்றழைக்கும் தலைமையாசிரியர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உக்காரு தங்கச்சி. பாட்டு எந்த நிலையில இருக்கு?"

"ஒண்ணோட ஒண்ணு சேர மாட்டேங்குது அகாய். ஒருத்தன் கணவாயையே தாண்டிட்டான், ஒருத்தி இன்னும் குதிரையில ஏறவே இல்ல."

அவர் சிரித்தார். பிறகு பேனாவை மூடித் திறந்து, மூடித் திறந்து கொண்டிருந்தார். "நம்ம பள்ளிக்கு ரொம்ப நாளா எதுலயும் பேரு இல்ல. பேரு வந்தாத்தான் மேலிடத்துல கூரை பத்திப் பேச முடியும். ஒழுகுறது உனக்கே தெரியும்."

"தெரியும். அதுக்கு நான் என்ன பண்றது? சேர்ந்து நிக்காம சேர்ந்து பாட முடியாது அகாய்."

"ஞாயித்துக்கிழமை நான் மச்சான் வீட்டுக்குப் போறேன். ஊர்லயே இருக்க மாட்டேன். கூடத்துச் சாவி ரிஸ்பெக்கிட்ட இருக்கும்."

துர்சுனாய் அவரைப் பார்த்தாள். "நீங்க சொல்றது..."

"நான் என்ன சொன்னேன்? நான் ஊர்ல இல்லேன்னுதானே சொன்னேன்."

வெளியே வந்து வீட்டுக்கு நடந்தாள். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் தானே போய்க் கேட்டிருப்போமோ என்று பிறகு பல நாள் யோசித்திருக்கிறாள். பிள்ளைகளை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எதிரில் நிறுத்திக் கேட்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை இருந்தது. பசி மாதிரி இருந்தது.

காசிபெக் கேள்விப்பட்டதும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளினான். "அண்ணன் செத்த இடத்துல போய் பிள்ளைங்கள வாயத் தொறக்கச் சொல்லப் போறியா?"

"ஜன்னலெல்லாம் தொறந்து வச்சுப்பேன். தள்ளித் தள்ளி நிறுத்துவேன். ஒரு மத்தியானம்தான்."

"அந்தாளுக்குக் கூரை வேணும். உனக்கு என்ன வேணும்?"

அவன் தள்ளிய தட்டை எடுத்துக்கொண்டு அவள் எழுந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் பின்கதவு வழியாக ஒருவர் இருவராக வந்தார்கள். பனி பெய்து முடித்திருந்தது. ரிஸ்பெக் காலையிலிருந்தே பாய்லரை எரித்துக் கூடத்தைச் சூடேற்றி வைத்திருந்தார். அதிரஷ்மான் செடியை ஒரு வாணலியில் போட்டுக் கொளுத்தி, நோய் அண்டாமலிருக்க ஒவ்வொரு பிள்ளையின் தலையைச் சுற்றியும் புகை காட்டினார். பிள்ளைகள் இருமினார்கள், சிரித்தார்கள். மிர்லானும் வந்திருந்தான். அவன் வீட்டுக்குப் போய் இழுத்து வந்தது பெர்மெத். ஒரு சாண் உயரம் கூடியிருந்தான், மீசை அரும்பியிருந்தது.

"யார்றா இது, மிர்லானோட சித்தப்பாவா?" என்றாள் ஒருத்தி.

"போடி," என்றான் அவன், அடிவயிற்றிலிருந்து வந்த புதுக் குரலில். கூடமே சிரித்தது. அவன் காது சிவந்துவிட்டது. துர்சுனாய் அவன் தோளைப் பிடித்து முன் வரிசையிலிருந்து பின் வரிசைக்கு நகர்த்தினாள். "இனி உனக்கு இதுதான் இடம். எங்களுக்குக் கீழ் குரலுக்கு ஆளே இல்லாம இருந்துச்சு. நல்ல நேரத்துல வந்த." அவன் தலை நிமிர்ந்தது.

முதலில் ஜன்னல்கள் திறந்துதான் இருந்தன. பிள்ளைகள் கோட்டோடு, ஒருவருக்கொருவர் தள்ளி நின்று பாடினார்கள். மூச்சு வெள்ளையாக வந்தது. ஆனால் தெருவில் லாரி போகும் சத்தம் பதிவில் விழுந்தது. எங்கோ ஒரு நாய் விடாமல் குரைத்தது. தள்ளி நின்றதால் ஒருவர் குரல் ஒருவருக்குக் கேட்கவில்லை, சேர்மானம் வரவில்லை. கணினி ஆசிரியர் தலையை ஆட்டினார். துர்சுனாய் ஜன்னல்களைப் பார்த்தாள்.

"ஜன்னலைச் சாத்துங்க," என்றாள். "பக்கத்துல வந்து நில்லுங்க. முகக்கவசத்த எடுத்துப் பையில வைங்க."

பிறகு, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள். தோளைத் தூக்காதீர்கள். வயிறு நிறைய மூச்சு வாங்குங்கள். எல்லோரும் சேர்ந்து வாங்குங்கள், சேர்ந்து விடுங்கள்.

எட்டு மாதமாக அவர்கள் ஒருவர் குரலை ஒருவர் கேட்டிருக்கவில்லை. மூன்று குரலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, பெர்மெத்தின் தனிக் குரல் அதற்கு மேலே எழும்பியபோது பிள்ளைகளே ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தார்கள். பாட்டு முடிந்தது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

கதவருகே ரிஸ்பெக் நின்றிருந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"உள்ள வாங்க பைகே," என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டாள் துர்சுனாய். "ஏன் வாசல்லயே நிக்கிறீங்க? உக்காந்து கேளுங்க."

"கரிக் கையோட எப்படி எஜே..."

"கேக்குறதுக்குக் காது போதும். வாங்க."

அவர் முன் வரிசை நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். இருட்டும்வரை மறுபடி மறுபடி பாடினார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் முதல் தடவை கேட்கிறவர்போல் கேட்டார். நடுவில் எழுந்து போய்க் கரி அள்ளிப் போட்டுவிட்டு ஓடிவந்து உட்காருவார். கடைசியில், வீட்டில் பாடுவதுபோல் காட்டுவதற்காக, ஒவ்வொரு பிள்ளையையும் வெவ்வேறு திரைச்சீலைக்கு முன்னால் நிறுத்தி வாயசைக்கச் சொல்லிப் படம் பிடித்தார்கள். அதற்கு மட்டும் அவர் சிரித்தார். "பாடுன பாட்டுக்குப் பொய் சொல்ல வேண்டியிருக்கு பாருங்க," என்றார்.

அந்த வாரக் கடைசியில் ஒரு பெண்ணிடமிருந்து செய்தி வந்தது: எஜே, எனக்கு வாசனையே தெரியவில்லை. மறுநாள் இன்னும் இரண்டு பேருக்குக் காய்ச்சல். மிர்லான் வீட்டில் எல்லோரும் படுத்தார்கள். துர்சுனாய்க்கும் உடம்பு முறித்துப்போட்டது. காசிபெக் பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு கதவு இடுக்கு வழியாகத் தேநீர்க் கோப்பையைத் தள்ளினான். பிள்ளைகள் சீக்கிரமே தேறிவிட்டார்கள்.

ரிஸ்பெக் காய்ச்சலோடு வேலைக்கு வந்துகொண்டிருந்தார். அவர் வராவிட்டால் முதல் வகுப்புக் குழந்தைகள் குளிரில் நடுங்கும், குழாய் உறைந்து வெடிக்கும். ஒரு காலையில் பாய்லர் அறையில் மண்வாரியைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்திருந்தாராம். நரின் நகர ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆக்சிஜன் வைத்தார்கள். அந்த நெஞ்சு அதை வாங்கிக்கொள்ளவில்லை. டிசம்பரில் உடலைக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள்.

அடக்கத்தன்று காலையே தலைமையாசிரியர் துர்சுனாயைப் போனில் கூப்பிட்டார்.

"குரூப்ல ஞாயித்துக்கிழமை பத்தி எழுதுனதெல்லாம் அழிச்சுடு தங்கச்சி. பிள்ளைங்களயும் அழிக்கச் சொல்லு."

"அகாய், அவரு நமக்காகத்தானே பாய்லர..."

"குழாய் உறைஞ்சிடும்னு அவனாத்தான் ஏத்துனான். எல்லா ஞாயித்துக்கிழமையும் ஏத்துறவன்தானே. இந்தச் சளி எங்கேருந்து வந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? சந்தைக்குப் போகலையா அவன்? நீ இப்ப வாயத் தொறந்தா அந்தப் பிள்ளைங்க பேரும் சேர்ந்து கெடும். யோசி."

அவள் யோசித்தாள். பிறகு அழித்தாள்.

துக்க வீட்டுக்கு அவள் போனபோது, சாவுக்கு வழக்கமாகப் போடும் கூடாரம் முற்றத்தில் இல்லை. கூட்டம் கூடக் கூடாது என்று ஊராட்சிக்காரர்கள் வாசலில் நின்றார்கள். ஆண்கள் சிலர் தள்ளித் தள்ளி நின்று சத்தம் போட்டு அழுதார்கள். உள்ளே வழக்கப்படி சுவரைப் பார்த்தபடி ரிஸ்பெக்கின் மனைவி ஷெகேரும் பெர்மெத்தும் உட்கார்ந்திருந்தார்கள். ஷெகேர் ஒப்பாரி வைத்துக் குரல் கம்மிப் போயிருந்தாள். முறைப்படி அடுத்து மகள் ஒப்பாரி வைக்க வேண்டும்.

"அழுடி," என்று அத்தைக்காரி அவள் முதுகில் தட்டினாள். "ஊருக்கெல்லாம் பாடுனவ, அப்பனுக்கு ரெண்டு வரி வராதா? கேக்குறவங்க என்ன நெனப்பாங்க?"

பெர்மெத் அசையவில்லை. முகக்கவசம் போட்டபடி, இரண்டு கையையும் மடியில் வைத்து, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கல்லு மாதிரி உக்காந்திருக்கா பாரு," என்றாள் இன்னொருத்தி. "செத்துப்போனவன் இவளப் பத்திப் பேசாத நாள் உண்டா?"

துர்சுனாய்க்கு அவள் பக்கத்தில் போய் உட்கார வேண்டும்போல் இருந்தது. காலடி எடுத்து வைத்தாள். பெர்மெத் திரும்பி அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்; ஒன்றுமே இல்லை. துர்சுனாய் வாசல் வரை பின்வாங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

புத்தாண்டுக்கு முன்பு போட்டி முடிவு வந்தது. அவர்கள் பள்ளிக்கு முதலிடம். நடுவர்கள் தனிக் குரல் பாடிய பெண்ணைப் பாராட்டியிருந்தார்கள். வீட்டிலிருந்தபடியே இவ்வளவு ஒற்றுமையாகப் பாட வைத்த ஆசிரியைக்கு வாழ்த்தும் சொல்லியிருந்தார்கள். தலைமையாசிரியர் அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு நுழைவாயிலில் மாட்டச் சொன்னார். ஆணி அடிக்கிற சத்தம் கேட்டபோது துர்சுனாய் ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து, கோட்டைப் போட்டுக்கொண்டு, நேராக ஷெகேர் வீட்டுக்கு நடந்தாள்.

ஷெகேர் கறுப்புத் துணி கட்டி மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே கூப்பிடவில்லை. துர்சுனாய் முற்றத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஜன்னலைச் சாத்தச் சொன்னது நான்தான். முகக்கவசத்தை எடுக்கச் சொன்னது நான். வாசலில் நின்றவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்ததும் நான்.

ஷெகேர் வைக்கோலை உதறினாள். "தெரியும்," என்றாள். "அன்னிக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடாம ராத்திரி முழுக்க அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தாரு. எஜே என்னை முன்னால உக்கார வச்சாங்க, எஜே என்னை முன்னால உக்கார வச்சாங்கன்னு."

துர்சுனாய் அழ ஆரம்பித்தாள்.

"அழாதீங்க எஜே. எனக்கு இப்ப உங்களச் சமாதானப்படுத்தத் தெம்பு இல்ல." ஷெகேர் குரலை உயர்த்தவில்லை. "அதே வாரம் இவரு தம்பி சுரங்கத்துலேருந்து இருமிக்கிட்டே வந்து எங்க கூடத்தான் தங்குனான். அவனால வந்துச்சா, உங்க பாட்டால வந்துச்சா, எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் வேணாம். தெரிஞ்சா யாரையாவது வெறுக்கணும். கொழுந்தன வெறுத்தா இந்தக் குளிர்ல எனக்கு வெறகு வெட்டித் தர ஆள் இல்ல. உங்கள வெறுத்தா என் பொண்ணுக்கு ஸ்கூல் இல்ல. நானே எதையும் நெனைக்காம நாளத் தள்ளிக்கிட்டிருக்கேன். உங்க மனசுல இருக்கிற பாரத்த எறக்கி வைக்க என் வீடுதானா கெடச்சுது?"

துர்சுனாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"போயிட்டு வாங்க," என்றாள் ஷெகேர். "இனிமே இதச் சொல்லிக்கிட்டு இங்க வராதீங்க."

அங்கே இறக்க முடியாததைத் துர்சுனாய் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் இறக்கினாள். யாரும் கேட்காமலே போய், நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். தலைமையாசிரியர் சொன்ன சாவி விஷயத்தையும் எழுதினாள். விசாரணைக்கு இரண்டு பேர் வந்தார்கள். எசென்குல் தான் அன்று ஊரிலேயே இல்லை என்று மச்சானைச் சாட்சி சொல்ல வைத்தார். அவள் வார்த்தைக்கு அத்தாட்சி இல்லை. அவளுக்குக் கண்டனக் கடிதம் கொடுத்தார்கள். பரிசைத் திரும்பப் பெற்றார்கள். சுவரிலிருந்து சட்டத்தைக் கழற்றியபோது காரையும் பெயர்ந்து வந்தது.

ஊரில் யாராவது அவளை மெச்சுவார்கள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஆனால் பெற்றோர்கள் இப்படித் திரும்புவார்கள் என்றும் நினைக்கவில்லை. மிர்லானின் அம்மா கடைத்தெருவில் வழிமறித்தாள்.

"அந்தச் சான்றிதழ் இருந்தா என் பையன் நகரத்துப் பள்ளியில சேர்ந்திருப்பான். எல்லாரையும் காய்ச்சல்ல தள்ளுனது நீங்க. சரி, போகட்டும், அதுலேருந்து வந்த ஒரே நல்லதையும் பிடுங்கிக்கிட்டீங்க. செத்தவரு திரும்பி வந்தாரா?"

"இல்ல," என்றாள் துர்சுனாய்.

"அப்புறம் எதுக்கு?"

சுற்றி நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துர்சுனாய் உருளைக்கிழங்குப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அன்று மாலை அதைக் காசிபெக்கிடம் சொன்னபோது அவன் அடுப்பில் விறகைத் தள்ளினான். பிறகு, "எழுதிக் குடுத்தது நல்லதுதான்," என்றான். "ஆனா அது உனக்கு நல்லது. வேற யாருக்கும் இல்ல." அதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை, உண்மை என்று பட்டதைச் சொன்னான். அதனால்தான் அது அவ்வளவு வலித்தது.

மார்ச் மாதம் எல்லா வகுப்புகளும் திறந்தன. பாடக் கூடாது என்ற விதி மட்டும் நீடித்தது. இசை வகுப்பில் துர்சுனாய் கரும்பலகையில் ஐந்து கோடு போட்டு ஸ்வரக் குறிகளை எழுதினாள். பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதினார்கள். பாட்டை வாயால் பாடாமல் மேசையில் விரலால் தட்டித் தாளம் போட வைத்தாள். அதுவும் அலுத்துப்போனபோது யாராவது ஒருவர் முகக்கவசத்துக்குள் முனகுவார்கள். அவள் கேட்காததுபோல் திரும்பிக்கொள்வாள். பெர்மெத் கடைசி மேசையில் உட்கார்ந்து, சொன்னதை எல்லாம் சுத்தமாக எழுதினாள். அவள் விரல் மட்டும் தட்டவில்லை.

மே மாதக் கடைசியில், ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்துவதாகப் பெர்மெத் சொன்னதாக அறிந்து, துர்சுனாய் வகுப்பு முடிந்ததும் அவளை நிற்கச் சொன்னாள்.

"பிஷ்கெக்ல இசைக் கல்லூரி இருக்கு பெர்மெத். நுழைவுக்கு ஒரே ஒரு பாட்டு பாடுனாப் போதும். நான் கூட வர்றேன். வேணும்னா என் தங்கச்சி வீட்ல தங்கலாம்."

"தையல் கூடத்துல வேலை பேசியாச்சு எஜே. சித்தப்பாவோட பொண்ணு அங்கதான் இருக்கா."

"உன் அப்பா இருந்திருந்தா..." என்று ஆரம்பித்துவிட்டு அவளே நிறுத்திக்கொண்டாள்.

பெர்மெத் பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விரலில் மாட்டினாள். பிறகு நிமிர்ந்து பேசினாள்.

"நீங்க அப்பாவ உள்ள கூப்பிட்டது தப்புன்னு நான் நெனைக்கல. அவரு எப்பவும் வாசல்லயேதான் நிப்பாரு. யாரும் கூப்பிட மாட்டாங்க. நீங்கதான் கூப்பிட்டீங்க." வாரை விரலிலிருந்து உருவினாள். "ஆனா பாடணும்னு வயித்துல மூச்ச இழுத்தா, அந்த மத்தியானந்தான் வருது. நாங்க எல்லாரும் சேர்ந்து இழுத்தது, அவரு எதிர்ல உக்காந்திருந்தது. அதுக்கு மேல முடியல எஜே. உங்க மேல கோவம் இல்ல. உங்களப் பாத்தா மூச்சு முட்டுது, அவ்ளோதான்."

அவள் வணக்கம் சொல்லிவிட்டுப் போனாள். துர்சுனாய் கரும்பலகையை அழித்தாள். அழித்த பிறகும் துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

அதற்கடுத்த ஆண்டு பாடலாம் என்று சொல்லிவிட்டார்கள். எசென்குல் நகரத்துப் பள்ளி ஒன்றுக்கு மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்த தலைமையாசிரியை குழுவை மறுபடி தொடங்கச் சொன்னார். துர்சுனாய் தொடங்கினாள். பெரிய பிள்ளைகளில் வந்தது மிர்லான் மட்டும்தான். மற்றவர்களுக்கு அந்த இரண்டு வருஷத்தில் பாட்டுப் பழக்கமே விட்டுப்போயிருந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு ஒருவர் குரலை ஒருவர் கேட்டுப் பாடத் தெரியவில்லை. ஒவ்வொருவரும் எதிரில் போன் இருப்பதுபோல் தனித்தனியாகப் பாடினார்கள். அவர்களை அடியிலிருந்து எடுத்துக் கட்ட வேண்டியிருந்தது. எளிய, ஒரே குரல் பாட்டுகளாகப் பார்த்துச் சொல்லித் தந்தாள். மூச்சு வாங்கச் சொல்ல வேண்டிய இடத்தில் அவள் வாயால் சொல்லாமல் கையை மட்டும் உயர்த்துவாள்.

குளிர்கால விடுமுறையில் மிர்லான் பிஷ்கெக் போய்விட்டு வந்தான். அங்கே பெர்மெத்தைப் பார்த்ததாகச் சொன்னான். பெரிய கூடமாம், வரிசை வரிசையாகத் தையல் இயந்திரமாம். பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காத அளவுக்குச் சத்தமாம். நல்ல சம்பளம் என்று சொன்னாளாம். அம்மாவுக்குப் பூட்ஸ் வாங்கி இவனிடம் கொடுத்து அனுப்பியிருந்தாள்.

"என்னைக் கேட்டாளா?" என்றாள் துர்சுனாய்.

மிர்லான் தன் கனத்த குரலைத் தணித்துக்கொண்டு, "எல்லாரையும் கேட்டா எஜே," என்றான்.

பெர்மெத் இப்போது பாடுகிறாளா என்று துர்சுனாய் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.